பள்ளியைப் பார்க்க ஒரு பருவம் வேண்டும்

காவிரி டெல்டாவில் ஒரு தொடக்கப் பள்ளி நன்றாக நடக்கிறது என்ற பேச்சு ஒன்றிய எல்லையைத் தாண்டிவிட்டால் போதும், அடுத்த கல்வியாண்டுக்குள் அங்கே பார்வையாளர்கள் வரத் தொடங்கிவிடுவார்கள். பக்கத்து ஒன்றியத்து ஆசிரியர்கள் வேன் பிடித்து வருவார்கள். பயிற்சி நிறுவனத்து மாணவர்கள், தொண்டு நிறுவனத்தார், சில சமயம் வேறு மாநில அதிகாரிகளும் வருவார்கள். சுவர்ச் சித்திரங்களையும் வண்ண அட்டைகளையும் கைபேசியில் படம் பிடிப்பார்கள். பிள்ளைகள் பாட்டுப் பாடிக் காட்டுவார்கள். தலைமையாசிரியர் அரை மணி நேரம் விளக்குவார். பார்வையாளர் பதிவேட்டில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு, தேநீர் குடித்து, மதியத்துக்குள் கிளம்பிவிடுவார்கள்.

வருகிறவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள். விடுப்பு நாளைச் செலவழித்து, சொந்தக் காசில் பயணம் செய்து வரும் ஆசிரியர்களும் உண்டு. ஆனாலும் இப்படிப்பட்ட வருகைகளால் இன்னொரு ஊரின் வகுப்பறை மாறுவது மிக அரிது. ஒரு பள்ளி தன் கற்பிக்கும் முறையைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பது அரை நாளில் ஆகிற காரியமில்லை. அதற்கு ஒரு பருவமாவது வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று அறிய வெகு தூரம் போகவும் வேண்டாம். நெல் வயல்களில் டெல்டா அதைச் செய்து பார்த்திருக்கிறது.

முதலில் ஆள் கணக்கைப் பார்ப்போம். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் என்கிறது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் கிராமங்களில் இந்த அளவில் நடக்கும் பள்ளிகள் ஏராளம். ஐந்து வகுப்பு, இரண்டு பேர். அதில் ஒருவர் தலைமையாசிரியர். மதிய உணவுக் கணக்கு, எமிஸ் இணையதளப் பதிவு, விலையில்லாப் பொருள் விநியோகம் எல்லாம் அவர் தலையில். பார்வையாளர்கள் வந்தால் அவர்களோடு அவர்தான் போகவேண்டும். மீதமிருக்கும் ஒருவரிடம் ஐந்து வகுப்பும் வந்து சேரும். எந்த வேலைக்காக அந்தப் பள்ளி பெயர் வாங்கியதோ, அந்த வேலை அன்றைக்கு நடக்காது. பள்ளியைப் பார்க்க வந்தவர்கள், மற்ற நாட்களில் இல்லாத ஒரு பள்ளியைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

பள்ளிகளைப் பார்ப்பதால் பயனே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகளில் கடந்த கால் நூற்றாண்டில் நடந்த மிகப் பெரிய மாற்றமே ஒரு பள்ளியைப் பார்த்ததில் இருந்துதான் பிறந்தது. ஆந்திராவின் மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில், சுற்றுவட்டாரக் கிராமப் பிள்ளைகளுக்காகச் சிறுசிறு ஓராசிரியர் பள்ளிகள் நடந்தன. பத்மநாப ராவ், ராமா இணையர் அவற்றுக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். பாடப்புத்தகத்தைச் சின்னஞ்சிறு செயல்களாகப் பிரித்து, அட்டைகளில் எழுதி, ஓர் ஏணியின் படிகளைப்போல் வரிசைப்படுத்தினார்கள். ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் அந்த ஏணியில் ஏறும். பல வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம் படிக்கும்போது எழும் சிக்கலுக்கு அது நேரடியான விடையாக இருந்தது. 1995-இல் கர்நாடகத்தின் எச்.டி.கோட்டை வட்டத்து ஆசிரியர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து தொடங்கியதுதான் ‘நலி கலி’ என்ற கற்பித்தல் முறை.

தமிழ்நாட்டுக்கு அந்த ஏணி முறை வந்த வழி வேறு. எம்.பி. விஜயகுமார் வேலூர் ஆட்சியராக இருந்த காலத்தில், கொத்தடிமை வேலையிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளுக்கான பள்ளிகளில் இந்த முறை முயன்று பார்க்கப்பட்டது. பிறகு அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானார். 2003-இல் மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷிவேலிக்குப் போனார்கள். திரும்பி வந்து, தமிழ்ப் பாடத்துக்கான அட்டைகளைத் தாங்களே உட்கார்ந்து எழுதினார்கள். 13 பள்ளிகளில் தொடக்கம். அடுத்த ஆண்டே மாநகராட்சியின் 264 பள்ளிகளுக்கும் விரிவு. விஜயகுமார் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் மாநிலத் திட்ட இயக்குநரானதும், 2007-08-இல் மாநிலம் முழுவதும் 37,000-க்கும் மேற்பட்ட அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளின் முதல் நான்கு வகுப்புகளுக்கும் இந்த முறை செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டுகளில் சென்னைப் பள்ளிகளைக் காண மற்ற மாநிலங்களிலிருந்து குழு குழுவாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

செயல்வழிக் கற்றல் வகுப்பறையில் கண்ணுக்குத் தெரிவன எவை? பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியரும் அவர்களோடு தரையில். சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல், அதில் பிள்ளைகள் வரைந்த தாள்கள். வருகையைப் பிள்ளைகளே பதிந்துகொள்வார்கள். சுவரில் ஏணிப்படி அட்டவணை, தட்டுகளில் அட்டைகள், அட்டைக்கு அட்டை சின்னங்கள். கைபேசியில் அழகாக விழும் காட்சிகள் இவை. டெல்டாவைப் பொறுத்தவரை அந்த முறையின் உயிர் இருந்த இடங்கள் படத்தில் விழாதவை.

அவற்றில் ஒன்று, விடுபட்ட நாட்கள். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்கினால் டெல்டாவில் பள்ளி நாட்கள் துண்டு துண்டாகும். வாய்க்கால் நிரம்பி வழி அடைபடும். குடிசைக்குள் தண்ணீர் வந்தால் குடும்பம் உறவினர் வீட்டுக்கு ஒதுங்கும். வயல் வேலை இல்லாத மாதங்களில் தாய் தகப்பன் திருப்பூருக்கோ சென்னைக்கோ பிழைக்கப் போனால், பிள்ளையும் கூடப் போகும் அல்லது ஆயா வீட்டில் விடப்படும். மூன்று வாரம் கழித்து அந்தப் பிள்ளை திரும்பும்போது பாடப்புத்தக வகுப்பு ஆறு பாடம் தள்ளிப் போயிருக்கும். அந்த ஆறு பாடத்தை அது ஒருநாளும் பிடிக்காது. பிறகு பள்ளிக்கூடம் என்றாலே கூச்சம், அதன் பிறகு பயம். ஏணி முறையில் அந்தப் பிள்ளை தான் விட்ட அட்டையை எடுத்துக்கொண்டு பாயில் உட்காரும். யாரும் அதைப் பின்தங்கிய பிள்ளை என்று சொல்லவேண்டியதில்லை. கூலி வேலைக்குப் போகிற குடும்பங்களின் பிள்ளைகளே பெரும்பகுதியாக இருக்கும் ஒரு பள்ளியில் இது எவ்வளவு பெரிய விடுதலை! இதைப் பார்க்க வேண்டுமானால், அந்தப் பிள்ளை போகும்போதும் வரும்போதும் அங்கே இருந்தாக வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை வேனில் வந்தவருக்கு இது தெரிய வழியே இல்லை.

இன்னொன்று, யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பது. டெல்டா கிராமத்தில் தெரு என்றால் என்ன, காலனி என்றால் என்ன என்பதை இதைப் படிப்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இடம் பிடித்து உட்காரும் வகுப்பில் ஒரு தெருப் பிள்ளைகள் ஒன்றாகவும் இன்னொரு தெருப் பிள்ளைகள் தள்ளியும் உட்காருவது தானாகவே நடந்துவிடும். கவனமான ஆசிரியர் மட்டுமே அதைக் கலைப்பார். அட்டைக் குழுவில் இடத்தைத் தீர்மானிப்பது, பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்பதுதான். இன்று ஒரு குழு, நாளை மறுநாள் வேறு குழு. காலனிப் பிள்ளை இரண்டு படி மேலே இருந்தால், தெருப் பிள்ளைக்கு அது சொல்லிக்கொடுக்கும். ஒரு பள்ளியைப் பார்க்க வருகிறவர்கள் சுவரைப் பார்ப்பதற்கு முன் பாயைப் பார்க்க வேண்டும் என்பேன். ஆனால் அதற்கும் அந்தப் பிள்ளைகளின் பெயரும் வீடும் தெரிய வேண்டும். ஐந்தாறு தடவை வந்தால்தான் அது தெரியும்.

37,000 பள்ளிகளுக்குப் போனபோது இந்த முறைக்கு என்ன நேர்ந்தது என்பதை நேர்மையாகப் பேச வேண்டும். ஓர் ஆண்டுக்குள் ஒரு மாநிலத்தின் தொடக்கப் பள்ளிகள் அனைத்திலும் ஆசிரியரின் நாற்காலியை ஓரமாக நகர்த்தி, அவரைப் பிள்ளைகளோடு தரையில் உட்கார வைத்தது எளிய சாதனை இல்லை. அதைச் செய்தவர்களுக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஆனால் முதலில் ரிஷிவேலிக்குப் போன ஆசிரியர்களுக்குக் கிடைத்தது பின்னால் வந்தவர்களுக்குக் கிடைக்கவில்லை. முதலில் போனவர்கள் பார்த்தார்கள், கேட்டார்கள், சந்தேகப்பட்டார்கள், பிறகு அட்டையைத் தாங்களே எழுதினார்கள். இந்த எழுத்துக்குப் பின் ஏன் அந்த எழுத்து, கூட்டலுக்கு முன் ஏன் இந்த விளையாட்டு என்று ஒவ்வொன்றுக்கும் அவர்களிடம் காரணம் இருந்தது. பின்னால் வந்தவர்களுக்கு அச்சடித்த அட்டைப் பெட்டி வந்தது. கூடவே சில நாள் பயிற்சி. மாநிலக் கருத்தாளரிடம் கேட்ட மாவட்டக் கருத்தாளர், அவரிடம் கேட்ட வட்டாரக் கருத்தாளர் என்று அந்தப் பயிற்சி இறங்கி வருவதற்குள் காரணங்கள் வழியில் உதிர்ந்துவிட்டன. எது முதலில் எது அடுத்து என்ற வரிசை மட்டும் மிஞ்சியது. அட்டை தொலைந்தால், காரணம் தெரிந்த ஆசிரியர் மாலையில் ஒரு காலண்டர் அட்டையை வெட்டிப் புதிதாக எழுதிக்கொள்வார். தெரியாதவர் புது அட்டை வரும்வரை காத்திருப்பார்.

இப்போது எண்ணும் எழுத்தும் நடக்கிறது. எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைகளும் பிழையின்றிப் படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்ற நோக்கத்தோடு 2022 ஜூனில் திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கிய திட்டம். பிள்ளைகளின் நிலை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கப்படுகிறது. பயிற்சி நூல்கள், பாடல்கள், பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. கொரோனா காலத்தில் பள்ளியை இழந்த பிள்ளைகளுக்கு இது தேவையான திட்டம்தான். ஆனால் பொருளை மட்டும் வாங்கிக்கொண்ட பள்ளிகள், திட்டம் மாறும்போதெல்லாம் முதல் வரியிலிருந்து தொடங்குகின்றன. செயல்வழிக் கற்றலின் காரணங்களைக் கைவசப்படுத்திக்கொண்ட ஆசிரியர்களோ அரும்பு, மொட்டு என்ற பெயர்களுக்குள்ளும் அதே பொறுமையான வேலையைத் தொடர்ந்து செய்துவருகிறார்கள். அவர்களிடம்தான் மற்றவர்கள் போய்க் கற்க வேண்டும்.

பார்த்துவிட்டுப் போனவர், பார்த்ததில் எதை எடுத்துச் செல்கிறார் என்ற கேள்வி நமக்குப் புதிதல்ல. 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல், குதிரையில் போகும் வழியில் ஒரு திண்ணைப் பள்ளியைப் பார்த்தார். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக்கொண்டிருந்தார்கள். அதைத் தன் இல்லத்தில் நடைமுறைப்படுத்தினார். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குச் சொல்லித்தரும் வழக்கத்தையும் சேர்த்துக்கொண்டார். நம் சட்டாம்பிள்ளைதான் அது. 1797-இல் லண்டனில் இதைப் பற்றிச் சிறுநூல் வெளியிட்டார். ‘மதராஸ் முறை’ என்ற பெயரில் அது பிரிட்டனில் ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரில் அவர் பணத்தில் 1833-இல் எழுந்த பள்ளிக்கு இன்றும் மதராஸ் கல்லூரி என்றுதான் பெயர்.

பெல் எடுத்துச் சென்றது உண்மையிலேயே நம் பள்ளியில் இருந்ததுதான். ஆனால் அவருக்குத் தேவைப்பட்டது, குறைந்த செலவில் நிறையப் பிள்ளைகளை அடக்கி வைக்கும் ஒரு வழி. ஆகவே சட்டாம்பிள்ளை அங்கே ஒரு பெரிய எந்திரத்தின் பல்லாக மாறினான். ஒரு கூடத்தில் நூற்றுக்கணக்கான பிள்ளைகள், வரிசைக்கு ஒரு சட்டாம்பிள்ளை, ஓங்கிய குரலில் ஒப்பித்தல். திண்ணையில் ஒவ்வொரு பிள்ளையும் தன் இடத்திலிருந்து தன் வேகத்தில் முன்னேறியதும், வாத்தியார் ஒவ்வொருவரையும் தனியே பக்கத்தில் அழைத்து உட்கார வைத்ததும் கடல் தாண்டவில்லை. திண்ணைப் பள்ளியைப் புனிதமாக்க வேண்டியதில்லை. அதன் அடியும் தண்டனையும் எல்லோருக்கும் தெரியும். யாருக்கு அங்கே இடம் இல்லை என்பதும் தெரியும். 1822-இல் தாமஸ் மன்றோ எடுக்கச் சொன்ன கணக்கில் தஞ்சாவூர் மாவட்டத்தில் மட்டும் 884 பள்ளிகள் பதிவாயின. அந்த 884-லும் நாற்று நட்டவர்களின் பிள்ளைகளுக்கு இடம் எவ்வளவு இருந்திருக்கும்? ஒரு முறையைப் பார்க்க வருகிறவர் இந்தக் கேள்வியையும் கேட்க வேண்டும்: இது யாருக்காக நடக்கிறது, யார் வெளியே நிற்கிறார்கள்?

பள்ளிக்கு வந்து போவதில் இன்னொரு வகை உண்டு, ஆய்வு. அதைப் பற்றி டெல்டாவில் பேசும்போது 2004 ஜூலை 16-ஐக் கடந்து போக முடியாது. கும்பகோணத்தில் ஒரு தனியார் உதவிபெறும் பள்ளியின் கீற்றுக்கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். நெரிசலும், குறுகிய படியும், சமையல் இடத்துக்கு மேலே கீற்றும் ஒரே நாளில் முளைத்தவை அல்ல. பார்க்க வேண்டியவர்கள் அதற்கு முன்பே பார்த்திருக்கலாம். பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்திடும் வருகையும் பார்வைதான் என்று நாம் நம்பிக்கொண்டிருந்ததற்கு அந்த ஊர் கொடுத்த விலை அது. கற்பித்தல் விஷயத்தில் இப்படி உயிர்கள் போவதில்லை என்பதால் அங்கே நடக்கும் இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

கண்டதும் கைக்கொள்ளத்தக்க நல்ல விஷயங்களும் உண்டு. 2023 ஆகஸ்ட் 25 அன்று, நாகை மாவட்டம் திருக்குவளையில் மு. கருணாநிதி படித்த ஊராட்சி ஒன்றியப் பள்ளியில், முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மாநிலத்தின் அனைத்து அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டது. அதே மாத இறுதியில் தெலங்கானா அதிகாரிகள் குழு ஒன்று தமிழ்நாட்டுக்கு வந்து இதைப் பார்வையிட்டது. எத்தனை மணிக்குச் சமையல், என்றைக்கு உப்புமா, என்றைக்குப் பொங்கல், தலைக்கு எத்தனை கிராம், பொருள் எங்கிருந்து வருகிறது, கணக்கு யார் எழுதுவது என்று கேட்டுக் குறித்துக்கொண்டு போகலாம். நல்ல நிர்வாகி இரண்டு நாளில் அதைக் கற்றுவிடுவார். ஒரு ஆறு வயதுப் பிள்ளைக்கு ‘ழ’ எழுத வரவில்லை என்றால் அந்த நிமிடத்தில் ஆசிரியர் என்ன செய்கிறார், ஏன் கொஞ்சம் பொறுத்திருக்கிறார், எப்போது அட்டையை மாற்றிக்கொடுக்கிறார் என்பதை அப்படிக் குறித்துக்கொள்ள முடியாது. இரண்டையும் ஒரே மாதிரியான சுற்றுப்பயணத்தால் கற்க முடியும் என்று நம் நிர்வாகம் நினைப்பதுதான் சிக்கல்.

இனி வயலுக்கு வருகிறேன். நெல்லில் புகையான், தண்டுத் துளைப்பான், இலைச்சுருட்டு என்று பூச்சி வந்ததும் மருந்தடிப்பது பழக்கமாகிப்போன காலத்தில், 1989-இல் இந்தோனேசியாவில் உழவர் வயல்வெளிப் பள்ளி என்றொரு முறை உருவானது. பிறகு அது நம் நாட்டுக்கும் டெல்டாவுக்கும் வந்தது. இருபத்தைந்து முப்பது உழவர்கள் ஒரே வயலில் வாரம் ஒருமுறை கூடுவார்கள். நடவிலிருந்து அறுவடை வரை ஒரு பயிர்ப் பருவம் முழுக்க. வயலில் ஒரு பகுதியில் வழக்கமான சாகுபடி, இன்னொரு பகுதியில் புதிய முறை. ஒவ்வொரு வாரமும் சில குத்துகளைப் பிரித்துப் பார்த்து, தூர்களை எண்ணி, தீமை செய்யும் பூச்சி எத்தனை, நன்மை செய்யும் சிலந்தியும் பொறிவண்டும் எத்தனை என்று எண்ணி, பெரிய தாளில் படமாக வரைவார்கள். அடுத்து என்ன செய்வது என்று அவர்களே விவாதித்து முடிவெடுப்பார்கள். அடுத்த வாரம் வந்து, எடுத்த முடிவு சரியா தவறா என்பதை அதே வயலில் பார்ப்பார்கள். வேளாண் அலுவலர் பாடம் நடத்த மாட்டார், கேள்வி கேட்பார்.

டெல்டா இதற்கு முன்பும் பலவகைச் செயல்விளக்கங்களைக் கண்டிருக்கிறது. 1960-61-இல் நாட்டிலேயே முதன்முதலாகத் தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்குத் தேர்வான ஏழு மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டைத் தாண்டிவிட்டது. புது விதையை ஒரு நாள் வயல் விழாவில் காட்டிப் பரப்ப முடிந்தது. பூச்சியோடு எப்படி வாழ்வது என்பதைப் பரப்ப ஒரு பருவம் முழுக்க ஒரே வயலில் நிற்க வேண்டியிருந்தது. கற்பித்தல் இரண்டாவது வகையைச் சேர்ந்தது.

குறுவைப் பயிரின் காலமும் பள்ளியின் முதல் பருவமும் ஏறத்தாழ ஒன்றுதான், ஜூனில் தொடங்கிச் செப்டம்பரில் முடியும். பார்க்க வருகிறவர்கள் அந்தக் காலம் முழுக்க ஒரு பள்ளியோடு இருக்கட்டும் என்பதே என் கோரிக்கை. ஒரு ஒன்றியத்தில் நன்றாக நடக்கும் ஒரு பள்ளியை எடுத்துக்கொள்ளலாம். வருகிறவர்கள் ஆறு பேருக்கு மேல் வேண்டாம். இரு வாரத்துக்கு ஒருமுறை ஒரு முழு முற்பகல். சுவரைப் பார்ப்பதோ உரை கேட்பதோ வேண்டாம். ஆளுக்கு மூன்று பிள்ளைகளைக் கொடுத்துவிட வேண்டும். அந்த மூன்று பிள்ளைகள் இந்த முற்பகலில் என்ன செய்தார்கள், எங்கே தடுக்கினார்கள், யாரிடம் கேட்டார்கள், எப்போது சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்பதை மட்டும் எழுத வேண்டும். மதிய உணவுக்குப் பின் அந்த வகுப்பாசிரியரோடு உட்கார்ந்து எழுதியதை வாசிக்க வேண்டும். அடுத்த முறை அதே மூன்று பிள்ளைகள். செப்டம்பருக்குள் அந்தப் பிள்ளைகள் எழுதவும் வாசிக்கவும் தொடங்குவதை வந்தவர் தன் கண்ணால் பார்த்திருப்பார். எப்படி நடந்தது என்பதும் அவர் குறிப்பேட்டில் இருக்கும்.

ஜப்பானியத் தொடக்கப் பள்ளிகளில் நூறாண்டுக்கும் மேலாக இதைப் போன்ற ஒரு வழக்கம் இருக்கிறது. ஒரு ஆசிரியர் பாடம் நடத்த, மற்ற ஆசிரியர்கள் சுற்றி நின்று பிள்ளைகளைக் கவனிப்பார்கள், பிறகு கூடிப் பேசுவார்கள். கொலம்பியாவின் கிராமங்களுக்காக விக்கி கொல்பெர்ட் 1970-களில் தொடங்கிய ‘எஸ்குவேலா நுவேவா’ நமக்கு இன்னும் நெருக்கம். அங்கேயும் ஒரு ஆசிரியர், பல வகுப்பு. புதிதாக இந்த முறைக்கு வரும் ஆசிரியர் முதலில் செய்ய வேண்டியது, நடந்துகொண்டிருக்கும் ஒரு மாதிரிப் பள்ளியைப் போய்ப் பார்ப்பது. அத்தோடு விட்டுவிடுவதில்லை. பக்கத்துப் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் சிறு வட்டமாகத் தொடர்ந்து கூடி, தங்கள் வகுப்பில் வந்த சிக்கலைப் பேசுவார்கள்.

அந்த வட்டம் நம்மிடமும் இருக்கிறது, குறுவளமையம். ஆனால் அதன் கூட்டம் பெரும்பாலும் சனிக்கிழமை நடக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்கள் நிறைந்திருப்பார்கள், பிள்ளை ஒன்றுகூட இருக்காது. கருத்தாளர் திரையில் காட்டுவதைப் பார்த்துவிட்டு, வருகைப் பதிவில் கையெழுத்திட்டுக் கலைவார்கள். வாரத்தில் ஆறாவது நாளும் வேலை என்ற சோர்வும் அதில் சேர்ந்துகொள்ளும். அந்த நாட்களில் பாதியையாவது பிள்ளைகள் இருக்கும் வேலை நாளுக்கு மாற்றினால், புதிதாக ஒரு பயிற்சித் திட்டம் தேவைப்படாது.

நல்ல பள்ளிகள் தங்கள் தோல்வியையும் காட்ட வேண்டும். இது கடினம் என்பது எனக்குப் புரிகிறது. பார்வையாளர் முன் எந்தப் பிள்ளையும் தடுமாறக் கூடாது என்று ஆசிரியர் பதறுவதற்குக் காரணம் இருக்கிறது. வருகிறவர் யார், என்ன எழுதுவார், எந்த அலுவலரிடம் சொல்வார் என்பது அவருக்குத் தெரியாது. ஆகவே எழுதத் தெரிந்த நாலு பிள்ளைகளை முன்வரிசைக்குக் கொண்டுவருகிறார். அதனால் வந்தவருக்குக் கிடைப்பது, இப்படியெல்லாம் நம் ஊரில் முடியாது என்ற மனச்சோர்வு. வந்து நிற்பவர் சக ஆசிரியர், மதிப்பெண் போட வந்தவரல்ல என்ற உறுதி இருந்தால்தான் தடுமாறும் பிள்ளையை அவர் முன் உட்கார வைக்கத் துணிவு வரும். வட்டாரக் கல்வி அலுவலர் இந்த முற்பகல்களில் கலந்துகொள்ளக் கூடாது என்று விதி வைப்பதுகூட நல்லதுதான்.

அதேபோல் வருகை ஒருவழிப் பாதையாக இருக்கக் கூடாது. பார்க்கப்படும் பள்ளியின் ஆசிரியர், பார்க்க வந்தவரின் பள்ளிக்கும் போக வேண்டும். தன் முறை வேறோர் ஊரில் எங்கே ஒத்துவரவில்லை என்பதை அவர் அங்கேதான் அறிவார். வேதாரண்யம் பக்கத்து உப்பளத் தொழிலாளர் பிள்ளைகளின் பள்ளியும், பாபநாசம் பக்கத்துப் படுகையூர்ப் பள்ளியும் ஒரே அட்டை வரிசையில் ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. 2018 நவம்பரில் கஜா புயல் புரட்டிப்போட்ட கடலோரக் கிராமங்களில், கூரையும் புத்தகமும் போன பிறகு எப்படிப் பிள்ளைகளை மீண்டும் உட்கார வைத்தார்கள் என்று அந்த ஆசிரியர்களிடம் கேட்டால், பெயர்பெற்ற பள்ளிகளும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கும்.

எதிர்ப்பும் வரும். ஆறு பேரை இரு வாரத்துக்கு ஒருமுறை அனுப்பினால் அவர்கள் வகுப்பை யார் பார்ப்பது? ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் போனால் மற்றவர் திண்டாட மாட்டாரா? நியாயமான கேள்வி. பதில் ஒன்றுதான்: ஒன்றியத்துக்குப் போதுமான மாற்று ஆசிரியர்கள் வேண்டும். மாற்று ஆசிரியர் என்றால் மணிக் கணக்கில் கூலிக்கு ஆள் பிடிப்பதாகாமல், முறையான நியமனமாக இருக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு கூடுதல்தான். ஆனால் 2024 அக்டோபரில் கனவு ஆசிரியர் திட்டத்தில் தேர்வான ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களைப் பிரான்ஸ் நாட்டுக்கு அரசு அழைத்துச் சென்றது. சிறப்பாக உழைத்த ஆசிரியர்களுக்கு அந்தப் பெருமை உரியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். பாரிஸ் வரை அனுப்ப மனமுள்ள ஒரு துறை, திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடிக்கு ஒரு பருவத்தில் எட்டு முறை போய்வர அனுப்பவும், அந்த எட்டு நாளும் வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஒருவரைத் தரவும் முடியும்.

டெல்டா மாவட்டங்களில் முதல் ஆண்டு ஒன்றியத்துக்கு ஒரு பள்ளியோடு தொடங்கலாம். தேர்வு செய்யும் பொறுப்பு அந்த ஒன்றியத்து ஆசிரியர்களிடமே இருக்கட்டும். எந்தப் பள்ளியில் பிள்ளைகள் உண்மையில் படிக்கிறார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும். பள்ளி மேலாண்மைக் குழுவின் பெற்றோரிடம் ஒப்புதல் கேட்டுத்தான் தொடங்க வேண்டும். பிள்ளைகளைப் படம் பிடிக்கக் கூடாது என்பதும் நிபந்தனையில் சேரட்டும். கல்வியாண்டுத் திட்டம் வகுக்கப்படும் மார்ச், ஏப்ரலிலேயே மாற்று ஆசிரியர் நியமனமும் எட்டு முற்பகல்களின் தேதியும் ஆணையாக வந்தால், ஜூனில் பள்ளி திறந்த இரண்டாவது வாரம் முதல் ஆறு பேரும் பாயில் போய் உட்கார்ந்துவிடலாம்.